மலைச் சைக்கிளும் கார்பன் ஹேண்டில்பாரும்: ஒரு பரிசீலனை

சைக்கிளின் கனத்தைக் குறைக்கவேண்டும் என்னும் ஆசை சைக்கிள் தோன்றிய காலம் முதலே இருந்து வருகிறது. ஆனால் அந்த ஆசை சட்டத்தையும் சக்கரத்தையும் கடந்து ஹேண்டில்பாரிடம் வந்து சேரும்போது, மற்ற உறுப்புகளின் விஷயத்தில் எழாத ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. சங்கிலி அறுந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு வீடு சேரலாம். ஸீட்டைத் தாங்கும் தண்டு முறிந்தால்கூட எழுந்து நின்றபடியே வண்டியை எப்படியோ நிறுத்திவிடலாம். கல்லும் வேரும் மண்டிய மலைச்சரிவில் ஹேண்டில்பார் முறியுமானால், திருப்பும் வழியும் நிறுத்தும் வழியும் ஒரே கணத்தில் கையைவிட்டுப் போய்விடுகின்றன. பிரேக் லீவர்களும் அதன்மேல்தானே இருக்கின்றன! ஆகையால், மலைச் சைக்கிளுக்கு இலேசான கார்பன் ஹேண்டில்பார் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற கேள்வி, பார்வைக்குக் கடைச்சரக்கைப் பற்றிய சிறு கேள்வியாகத் தோன்றினாலும், வஸ்துவின் இயல்பு, ஓட்டுபவரின் உடலமைப்பு, ஓட்டும் நிலம், பூட்டும் கையின் பக்குவம் ஆகிய எல்லாவற்றையும் தொட்டுச் செல்வதாகும். விற்பனைப் பட்டியல்களில் முதலில் பெரிதாக அச்சிடப்பட்டிருப்பது கிராம் கணக்கு. என் அபிப்பிராயத்தில் அதுவே கடைசியாகப் பார்க்கவேண்டிய கணக்கு.

இவ்வுறுப்பின் சரித்திரத்தைச் சற்றுப் பார்த்தால் இந்த அபிப்பிராயத்துக்குக் காரணம் விளங்கும். 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுன்டியில், டமால்பைஸ் மலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த மண்பாதைகளில், ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி முதலிய இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களைச் செப்பனிட்டுக் கீழ்நோக்கி ஓட்டத் தொடங்கினார்கள். 1976இல் அவர்கள் ஆரம்பித்த பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் உருகி எரிந்துபோகவே, மறுபடியும் கிரீஸ் அடைத்துத்தான் ஓட்டவேண்டியிருந்தது என்பதால் வந்த பெயர் அது. அந்த வண்டிகளில் மோட்டார் சைக்கிளிலிருந்து கடன் வாங்கிய அகலமான ஹேண்டில்பார்களும் லீவர்களும் இருந்தன. கனத்தைப் பற்றி அக்காலத்தில் எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. டாம் ரிச்சி செய்த 'புல்மூஸ்' என்னும் வகையில், ஹேண்டில்பாரைக் கவ்விப் பிடிக்கும் ஸ்டெம்மும் ஹேண்டில்பாரும் முக்கோணமாக ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டிருந்தன. இன்று கார்பனில் ஸ்டெம்மையும் ஹேண்டில்பாரையும் ஒரே வார்ப்பாகச் செய்து புதுமை என்று விற்கிறார்கள். புதுமைகளில் பாதி இப்படி மறந்துபோன பழமைகள்தாம்.

பிறகு பந்தயம் வந்தது. 1990இல் கொலராடோவின் டுராங்கோ நகரில் முதல் அதிகாரபூர்வமான உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் இடம்பெற்றது. ஏற்றத்தில் வெல்பவனே பந்தயத்தில் வெல்பவன் என்ற நிலை ஏற்படவே, ஹேண்டில்பார் 560, 580 மில்லிமீட்டருக்குக் குறுகிற்று. மெல்லிய சுவருள்ள அலுமினியக் குழாயில் ஏறத்தாழ 150 கிராம் எடைக்குள் அதைச் செய்து கொடுத்தார்கள். அதாவது, இன்று நாம் மிகுந்த பணம் கொடுத்துக் கார்பனில் தேடும் எடை முப்பது வருஷங்களுக்கு முன்பு அலுமினியத்திலேயே கிடைத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் நடுவில் என்ன நேர்ந்தது? அகலம் நேர்ந்தது. முன்சக்கரத்துக்கு ஸஸ்பென்ஷன் வந்து, சட்டம் நீண்டு, ஸ்டெம் குட்டையாகி, இறக்கத்தின் வேகம் பெருகப் பெருக, முன்சக்கரத்தைக் கல்லிடையே ஸ்திரமாகப் பிடித்திருக்க நீண்ட நெம்புகோல் தேவைப்பட்டது. 680, 720, 760 என்று வளர்ந்து இன்று 800 மில்லிமீட்டர் சாதாரணமாகிவிட்டது. குழாய் நீண்டதனால் வளைக்கும் விசையும் பெருகிற்று. அதைத் தாங்கும்படி அலுமினியத்தில் செய்தால் 300 கிராமைத் தாண்டியது. அகலம் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்கத்தான் கார்பன் வந்தது என்று சொன்னால் சரித்திரத்துக்கு விரோதமாகாது. ஆரம்பத்தில் கடன் கொடுத்த மோட்டார் சைக்கிள் உலகமும் தன் பங்குக்கு வந்து சேர்ந்தது. மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பாருக்குப் பெயர்போன ரெந்தால் என்னும் பிரிட்டிஷ் கம்பெனி இன்று மலைச் சைக்கிளுக்கும் கார்பனில் செய்து விற்கிறது.

இனி அந்த வஸ்துவைப் பார்ப்போம். இன்று நாம் அறியும் வகையான கார்பன் இழைக்கு வழிவகுத்தவர்களில் முதன்மையானவர் ஜப்பானின் ஒசாகாவில் 1950களின் இறுதியில் ஆராய்ச்சி செய்த அகியோ ஷிண்டோ; இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலுள்ள அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையம் 1960களில் அதை வலுப்படுத்தியது; டோரே கம்பெனி 1971இல் அதை வியாபாரப் பொருளாக்கியது. தலைமயிரைக் காட்டிலும் மிக மெல்லிய இந்த இழைகளை எப்பாக்ஸி பிசினில் ஊறவைத்துத் தாள் போலாக்கி, அத்தாளை வெவ்வேறு கோணங்களில் துண்டுகளாக வெட்டி, அடுக்கடுக்காகச் சுற்றி, அச்சில் வைத்துச் சூட்டாலும் அழுத்தத்தாலும் இறுக வைத்தால் ஹேண்டில்பார் கிடைக்கிறது. நீளவாக்கில் வைத்த இழை வளைவைத் தாங்குகிறது. சாய்வாக வைத்த இழை முறுக்கலைத் தாங்குகிறது. வளையமாகச் சுற்றிய இழை நசுக்கலைத் தாங்குகிறது. அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம்; இறுகிய கார்பன் பொருளின் அடர்த்தி சுமார் 1.6. வித்தியாசம் இவ்வளவுதான் என்றால் அதிசயம் ஒன்றுமில்லை. எந்த இடத்தில் எந்தத் திசையில் பலம் வேண்டுமோ அங்கே அந்தத் திசையில் இழையை வைக்கலாம், வேண்டாத இடத்தில் விட்டுவிடலாம் என்பதே இதன் விசேஷம். மூங்கில் தன் நீளவாக்கில் எத்தனை வலிமையுடையதோ, குறுக்கே கவ்வி நெரித்தால் எத்தனை சுலபமாகப் பிளந்துபோகுமோ, அந்த இரண்டு குணங்களும் இதற்கும் உண்டு.

மேலே தெரியும் பின்னல் வேலைப்பாட்டைக் கண்டு சிலர் மயங்குகிறார்கள். அந்தப் பின்னல் பெரும்பாலும் அழகுக்காக வைத்த கடைசி அடுக்கு. வேலை செய்வது அதன் கீழே ஒரே திசையில் கிடக்கும் இழை. ஆகவே கறுப்பாய், பின்னலில்லாமல், மங்கலாயிருக்கும் ஹேண்டில்பாரை மட்டமென்று ஒதுக்கவேண்டியதில்லை. எடையைக் குறைக்க விரும்பும் உற்பத்தியாளர் எங்கே கைவைப்பார் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. நீளவாக்கு இழையைக் குறைத்தால் பரீட்சைக்கூடத்தில் உடனே அகப்பட்டுக்கொள்வார். வளையமாகச் சுற்றிய அடுக்கையும் வெளிப்புறத்தின் தடிப்பையும் குறைத்தால் பரீட்சையில் தேறிவிடலாம். ஆனால் கல்லில் மோதும்போதும், முரட்டுக் கை பிரேக் லீவரை இறுக்கும்போதும் அந்தக் குறை வெளிப்படும். அதனால்தான் மிக இலேசானவை எல்லாம் பெரும்பாலும் ஓட்டுபவரின் எடைக்கு வரம்பு, இறுக்கத்துக்கு வரம்பு, உபயோகத்துக்கு வரம்பு என்று பல நிபந்தனைகளோடு வருகின்றன. ஜெர்மனியில் ஷ்மோல்கே போன்ற சிறு பட்டறைகள் கைவேலையாகச் செய்யும் ஹேண்டில்பார்கள் வியக்கத்தக்க அளவுக்கு இலேசானவை. அவற்றின் வேலைத்திறத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த நிபந்தனைகளை வாசித்து, அவற்றுக்கு அடங்கி நடப்பவருக்கே அவை உரியவை.

கிராம் கணக்கின் பிரயோஜனத்தை ஒரு சிறு கணக்கால் அளந்துவிடலாம். ஓட்டுபவரும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 320 கிராம் அலுமினிய ஹேண்டில்பாரை எடுத்துவிட்டு 220 கிராம் கார்பனைப் பூட்டினால் மிச்சம் 100 கிராம். மொத்தத்தில் ஏறக்குறைய 0.12 சதவீதம். செங்குத்தான ஏற்றத்தில் ஒரு மணி நேரம் ஏறினால் இதனால் மிச்சமாகும் நேரம் நான்கு வினாடி. உலகக் கோப்பையில் நான்கு வினாடி பெரிது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டுப்பாதைக்குப் போகிறவருக்கு அது தண்ணீர்ப் புட்டியைத் திறந்து மூடும் நேரம். 220இலிருந்து 140க்கு இறங்குவதில் கிடைப்பது மூன்று வினாடிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதற்குக் கொடுக்கும் விலையோ முதல் நூறு கிராமுக்குக் கொடுத்ததை எளிதில் மிஞ்சிவிடும். போதாக்குறைக்கு, அந்த எண்பது கிராமில் போவது பெரும்பாலும் மோதலைத் தாங்கும் தடிப்பு. எனவே கார்பனுக்கு மாறுவதற்கு எடையை மட்டும் காரணமாகச் சொல்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்.

அப்படியானால் வேறு காரணம் உண்டா? உண்டு, அது கையில் படும் உணர்ச்சி. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது, வாதங்களும் மிகுதியாகின்றன. ஹேண்டில்பார் ஸ்டெம்மில் பொருந்தும் நடுப்பகுதியின் விட்டம் ஆதியில் 25.4 மில்லிமீட்டராக இருந்தது; இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 31.8 ஆயிற்று, 2010களில் ஈஸ்டன் முதலிய கம்பெனிகளால் 35 ஆயிற்று. கிரிப் பொருந்தும் நுனியோ என்றும் 22.2தான். மெல்லிய குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு வளர்வதால், அதே சுவர்த் தடிப்பில் 31.8ஐ 35 ஆக்கினால் நடுப்பகுதியின் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. கம்பெனிகள் இதைப் பெரிய நன்மையாக விளம்பரம் செய்தன. ஓட்டியவர்களில் பலரோ மணிக்கட்டு வலிக்கிறது, முன்கை மரத்துப்போகிறது என்று முறையிட்டார்கள். விறைப்பான சட்டமும் விறைப்பான முன் ஃபோர்க்கும் உள்ள வண்டியில் விறைப்பான ஹேண்டில்பாரும் சேர்ந்துவிட்டால், கல்லின் ஒவ்வோர் அடியும் மனிதனின் எலும்புக்கே வந்து சேர்கிறது. இந்த முறையீட்டுக்கு விடையாகக் கனடாவின் ஒன்அப் கம்பெனி, நடுப்பகுதிக்கும் கிரிப்புக்கும் இடைப்பட்ட இடத்தில் குழாயை வட்டமாயில்லாமல் முட்டை வடிவில் தட்டையாக்கி, மேலும் கீழும் சற்று இணங்கும்படியும் முன்னும் பின்னும் விறைப்பாயிருக்கும்படியும் செய்தது. அலுமினியத்திலும் இதைச் செய்யலாம் என்றாலும், கார்பனில் செய்வது போல் நுட்பமாகச் செய்வது கடினம். என்னைக் கேட்டால், கார்பன் ஹேண்டில்பாரை வாங்குவதற்கு இதுவே சரியான காரணம்.

கார்பன் அதிர்வை விழுங்கிவிடும் என்று பொதுவாகச் சொல்வதை மட்டும் அப்படியே ஏற்கவேண்டாம். அடுக்கு அமைப்பைப் பொறுத்து அது இணக்கமாகவும் இருக்கும், இரும்புலக்கை போலவும் இருக்கும். டயரின் காற்றைச் சிறிது குறைப்பதாலும் தடித்த கிரிப் போடுவதாலும் கிடைக்கும் சுகத்தை எந்த ஹேண்டில்பாராலும் முழுமையாகக் கொடுக்க முடியாது. அவற்றைச் செய்துபார்த்த பிறகும் கை மரத்தால் மட்டுமே ஹேண்டில்பாரைக் குற்றம் சாட்டலாம்.

அகலமும் வளைவும் எடையைவிட நூறு மடங்கு முக்கியமானவை. தரையில் கையூன்றித் தண்டால் எடுப்பதற்குக் குனிந்தால் கைகள் தாமாக எவ்வளவு தூரத்தில் ஊன்றுகின்றனவோ, அந்த அளவுக்குச் சற்று முன்பின்னாகவே ஒருவருக்குரிய அகலம் இருக்கும். நெடிய உருவமுள்ள ஐரோப்பியருக்குப் பொருந்தும் 800ஐ ஐந்தரை அடி உயரமுள்ளவர் அப்படியே பூட்டிக்கொண்டு மரங்களினூடே தோளை நோகவைத்துக்கொள்ளவேண்டிய அவசியமில்லை. நுனி பின்னோக்கிச் சாயும் கோணம் சாதாரணமாக ஐந்திலிருந்து ஒன்பது டிகிரி. மேல்நோக்கிய கோணம் நான்கிலிருந்து ஆறு. ஓரிரண்டு டிகிரி என்ன செய்துவிடும் என்று நினைப்பவர், ஹேண்டில்பாரை ஸ்டெம்மில் சற்றே உருட்டிவைத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் மணிக்கட்டு பதில் சொல்லிவிடும். கார்பனை வாங்கிய பிறகு கோணத்தை மாற்ற முடியாது. ஆகையால் விலை குறைந்த அலுமினியத்தில் அகலமும் உயரமும் கோணமும் தமக்குப் பொருந்துவதைக் கண்டுபிடித்துக்கொண்டு, பிறகு அதே அளவுகளில் கார்பனை வாங்குவது புத்திசாலித்தனம்.

அகலமானதை வாங்கி வெட்டிக்கொள்ளலாமே என்பார்கள். வெட்டலாம், உற்பத்தியாளர் அனுமதித்த குறி வரைக்கும் மட்டும். ஆனால் இதில் எளிதில் கண்ணுக்குத் தெரியாத விளைவொன்று உண்டு. குழாயின் தொய்வு அதன் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 800 மில்லிமீட்டருக்கென்று அடுக்கு வகுத்த ஹேண்டில்பாரை 740 ஆக வெட்டினால் கை ஊன்றும் இடத்தில் அதன் இணக்கம் தோராயமாகக் கால் பங்கு குறைந்துவிடுகிறது. சுகத்துக்காக வாங்கியதன் சுகத்தை ரம்பத்தால் அறுத்துப் போடுவதாகும் அது. 740 வேண்டுபவர் 740க்கென்றே செய்ததை வாங்குவது நல்லது. மேலும், மிகுதியாக வெட்டினால் பிரேக் லீவர் உள்ளே நகர்ந்து, குழாய் பெருக்கத் தொடங்கும் சரிவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே கிளாம்ப் சரியாகப் பொருந்தாது. வெட்டுபவர் வெட்டுமிடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, நெருங்கிய பல்லுள்ள ரம்பத்தால், துணியை நனைத்து வைத்துக்கொண்டு, முகமூடி அணிந்து வெட்டவேண்டும். அந்தக் கறுப்புத் தூள் நுரையீரலுக்கு உகந்ததன்று.

பலத்தைப் பற்றிய பயத்தில் நியாயமும் உண்டு, மிகையும் உண்டு. 2021 மார்ச்சில் பெல்ஜியத்தில் நடந்த லெ ஸாமின் பந்தயத்தில் மாத்தியூ வான் டெர் போல் ஓட்டிய சாலை சைக்கிளின் கார்பன் ஹேண்டில்பார் ஒரு பக்கம் முறிந்து தொங்கிற்று; அவர் விழாமல் ஓட்டி முடித்தார். அந்தச் சைக்கிளைச் செய்த கேன்யன் கம்பெனியோ, அதே வகை வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஓட்டுவதை நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொண்டது. இதைக் காட்டிக் கார்பனே அபாயம் என்பவர்களுக்கு, 2006 பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஜார்ஜ் ஹின்காப்பியை வீழ்த்தியது, ஸ்டெம் பொருந்தும் அலுமினிய ஸ்டியரர் குழாய் முறிந்தது என்பதை நினைவூட்டலாம். அலுமினியத்துக்கு அயர்ச்சி என்னும் குணம் உண்டு; எஃகுக்கு இருப்பதுபோல, இந்த அளவுக்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் முறியாது என்னும் தெளிவான எல்லை அதற்கு இல்லை. சேதமடையாத கார்பன், தனக்கு வகுத்த விசைக்குள் வளைந்து நிமிர்வதை மிக நீண்ட காலம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அலுமினியம் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கை செய்கிறது. கார்பனோ உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தாலும் வெளியே முகம் மாறாமல் இருக்கக்கூடியது. ஐ.எஸ்.ஓ. 4210 என்னும் சர்வதேசப் பிரமாணம் ஹேண்டில்பாரைப் பல்லாயிரம் முறை வளைத்துப் பரீட்சிக்கச் சொல்கிறது, ஏ.எஸ்.டி.எம். எஃப் 2043 என்பது, சமதளச் சாலையிலிருந்து உயரக் குதித்து இறங்கும் ஓட்டம் வரையில் உபயோகத்தை ஐந்து தரமாகப் பிரிக்கிறது. வாங்குமுன் பெட்டியில் இந்தத் தரம் எந்த எண் என்று பார்ப்பது கிராமைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது. மூன்றாம் தரத்துக்குரியதைப் பூட்டிக்கொண்டு ஐந்தாம் தர ஓட்டம் ஓட்டிவிட்டுக் கம்பெனியை நொந்துகொள்வது நியாயமாகாது.

இத்தனையும் சரியாகத் தேர்ந்தெடுத்த ஹேண்டில்பார் பூட்டும் மேஜையிலேயே பாழாகிவிடக்கூடும். ஸ்டெம்மின் முகத்தகட்டைப் பிடித்திருக்கும் நான்கு திருகுகளுக்கும் சாதாரணமாக நான்கிலிருந்து ஆறு நியூட்டன் மீட்டர் போதும். ஐந்து என்பது, பத்து சென்டிமீட்டர் நீளச் சாவியின் நுனியில் ஐந்து கிலோவைத் தொங்கவிட்ட அளவு. பழகிய மெக்கானிக்கின் கை, தான் அறியாமலே அதைப் போல இரண்டு மடங்கு இறுக்கிவிடும். எனவே இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர் கார்பனைத் தொடாமலிருப்பது மேல். ஸ்டெம்மில் ஒரு எண்ணும் ஹேண்டில்பாரில் ஒரு எண்ணும் பொறித்திருந்தால் இரண்டில் சிறியதே கட்டளை. முகத்தகட்டின் மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்கும்படி, குறுக்குக் குறுக்காக, ஒவ்வொரு திருகையும் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். சில ஸ்டெம்களில் மேலிரண்டு திருகுகளை இடைவெளியே இல்லாமல் முழுவதும் மூடிவிட்டுக் கீழிரண்டை மட்டும் இறுக்கும்படி வகுத்திருப்பார்கள். அதைச் சமமாக வைக்கிறேன் என்று கிளம்புவதும் தவறு. பழைய ஸ்டெம்மின் உட்புற விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, கூராக இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் மழுக்கிவிட வேண்டும். கிரீஸ் தடவக் கூடாது. நுண்ணிய மணி கலந்த கார்பன் பேஸ்டைத் தடவினால் குறைந்த இறுக்கத்திலேயே வழுக்காமல் நிற்கும். பிரேக் லீவரின் கிளாம்பை, விழும்போது லீவர் சுழன்று கொடுக்கும்படி, கையால் வலுவாகத் தள்ளினால் நகருமளவுக்கே இறுக்கவேண்டும். அசையாமல் இறுக்கிவைத்த லீவர், வண்டி விழும்போது தானும் உடைந்து, தன் விளிம்பால் குழாயையும் கடித்துவிடும்.

அந்தக் கடி எப்படியிருக்கும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. லீவரை ஒரு விரற்கடை நகர்த்திப் பார்த்தால், அது இருந்த இடத்தில் மங்கிய வளையம் தெரியும். அது வார்னிஷில் மட்டும் பட்ட தேய்மானமானால் நகத்தால் குறுக்கே கீறும்போது வழுவழுப்பாகப் போகும். நகம் தட்டி நின்றாலோ, பஞ்சை வைத்துத் துடைக்கும்போது நூல் சிக்கினாலோ, இழை அறுந்திருக்கிறது என்று பொருள். அப்போது அந்த ஹேண்டில்பார் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் குப்பைக்குப் போகவேண்டியதுதான். அதுவும் வேறொருவர் எடுத்துப் பூட்டிக்கொள்ளாதபடி இரண்டாக அறுத்துப் போடவேண்டும். ஓட்டும்போது முன்பில்லாத கிரீச்சொலி கேட்டால் அதையும் அலட்சியம் செய்யலாகாது. பெரும்பாலும் அது திருகிலோ பேஸ்டிலோ உள்ள குறையாக இருக்கும். எப்போதாவது அது அடுக்குகள் பிரியும் ஒலியாகவும் இருக்கும். கிரிப்பைக் கழற்றி உள்ளே பார்ப்பதும் அவசியம். அலுமினியத்திலும் கிரிப்பின் கீழே வியர்வையின் உப்பு அரித்துவிடுவதுண்டு; கார்பனை வியர்வை அரிக்காது என்றாலும், கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம், அதாவது ஸ்டெம்மும் கிளாம்பும்.

யாருக்கு எது என்று கேட்டால் என் தீர்ப்பு இதுதான். ஏற்றப் பந்தயத்துக்குப் போகிறவர், தம் எடை வரம்புக்குள் இருந்து, விழுந்தால் உடனே மாற்றும் வசதியும் உள்ளவரானால், 160 கிராமுக்கு அருகிலுள்ள தட்டையான ஹேண்டில்பாரைத் தாராளமாக வாங்கலாம். காட்டுப்பாதையில் ஏறியும் இறங்கியும் ஓட்டும் பெரும்பாலோருக்கு, நல்ல பெயருள்ள கம்பெனி செய்த 200 முதல் 240 கிராம் வரையுள்ளது போதும். அதில் விறைப்பு குறைந்த வகையைத் தேடுவதில் கவனம் செலுத்தலாம். குதிப்பதும் அடிக்கடி விழுவதுமாகப் பழகுகிற இளைஞருக்கு அலுமினியமே உத்தமம். அங்கே மிச்சமாகும் பணத்துக்கு நல்ல டயர் வாங்கலாம்.

பழைய கார்பன் ஹேண்டில்பாரை இரண்டாங்கையாக வாங்குவதை மட்டும் நான் எவருக்கும் சிபாரிசு செய்வதில்லை. விற்பவர் பொய் சொல்கிறார் என்பதல்ல; எந்தத் திருகை எவர் எவ்வளவு இறுக்கினார், வண்டி சுவரில் சாய்ந்து எத்தனை முறை சரிந்து விழுந்தது என்பதெல்லாம் அவருக்கே தெரிந்திராது. பெயர்போன கம்பெனிகளின் முத்திரையை அப்படியே ஒட்டி மூன்றில் ஒரு பங்கு விலைக்கு இணையத்தில் விற்கப்படும் போலிகளும் உண்டு. அவற்றின் உள்ளே வளைய இழை இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. ஆகையால் அங்கீகரிக்கப்பட்ட கடையில், தொடர் எண்ணும் இறுக்க அளவும் தரப் பிரிவும் எழுதிய காகிதத்தோடு வாங்கி, அந்தக் காகிதத்தை டார்க் ரெஞ்ச் இருக்கும் பெட்டியிலேயே போட்டுவைக்கலாம்.